மணிக்கொடி இறங்கிய பின்

பறம்பு மலைத் தலைவன் பாரி மாய்ந்த பின்னர்க் கபிலர் என்ன ஆனார் என்பதைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். தம்மைப் போற்றிய வள்ளல் இல்லை. கூடியிருந்த அவை இல்லை. தேனும் தினையும் விளைந்த மலை பகைவர் கையில். பாரியின் மகளிரை அழைத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கினார். விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று அம்மகளிர்க்கு மணம் பேசினார், இருவரும் மறுத்தனர். ஆயினும் கபிலர் பாடுவதை நிறுத்தவில்லை. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து, பாரி மறைந்த பின் எழுந்தது. பாரியின் மறைவை அப்பத்திலேயே கபிலர் குறிப்பிடுகிறார்.

புரவலன் போன பின்னும் புலவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பது சங்க காலத்தோடு முடிந்துபோன கேள்வியன்று. இக்காலத்து எழுத்தாளனுக்குப் புரவலர் அரசர் அல்லர், ஏடுகளே புரவலர். ஓர் ஏடு தோன்றுகிறது. அதைச் சுற்றிப் பத்துப் பேர் கூடுகின்றனர். ஒருவர் எழுத, மற்றவர் படித்து வாதிட, புதியவர் ஒருவர் வந்து சேர, அங்கே ஒரு சிறு சமூகம் உருவாகிறது. சில ஆண்டுகளில் பணம் குன்றுகிறது, ஆட்கள் பிரிகின்றனர், ஏடு நிற்கிறது. அதன் பிறகு அந்தப் பத்துப் பேர் என்ன செய்தனர்? ஏடு தோன்றிய நாளை எழுதி வைக்கும் இலக்கிய வரலாறு, பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை.

இதற்கு விடை காண ஏற்றதோர் எடுத்துக்காட்டு ‘மணிக்கொடி’. அவ்வேடு ஏறத்தாழ ஆறே ஆண்டுகள் நடந்தது. அதில் எழுதியவர்கள் அதன் பின்னர் ஐம்பது ஆண்டுகள் வரை எழுதினர். இந்த இரண்டாவது பகுதியே ஆராயத்தக்கது.

கொடி ஏறியது

1933ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள், சென்னையிலிருந்து மணிக்கொடி வார ஏடாக வெளிவந்தது. கு. சீனிவாசன், வ. ரா. எனப்பட்ட வ. ராமஸ்வாமி, டி. எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவர் அதனைத் தொடங்கினர். மூவரும் நாட்டு விடுதலைப் போராட்டத்தில் தோய்ந்தவர்கள். சீனிவாசன் ஆங்கிலப் பத்திரிகைத் துறையில் வல்லவர். ‘ஸ்டாலின்’ சீனிவாசன் என்று அழைக்கப்பட்டவர். வ. ரா. புதுச்சேரியில் பாரதியாருடன் பழகியவர். பின்னாளில் அவருடைய வரலாற்றை எழுதியவர். சொக்கலிங்கம் டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ ஏட்டில் பணியாற்றித் தேர்ந்தவர். ஏட்டின் பெயர் பாரதியார் பாடலில் வரும் சொல். அரசியலும் இலக்கியமும் கலந்த வார ஏடாகவே அவர்கள் அதை எண்ணினர்.

அக்காலத்தில் மக்களிடையே பெரிதும் பரவியிருந்த ஏடு ஆனந்த விகடன். எஸ். எஸ். வாசன் 1928இல் அதனை வாங்கி நடத்தினார். கல்கியின் எழுத்து அதற்குப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தது. நகைச்சுவையும் தொடர்கதையும் வீடுதோறும் சென்றன. அந்த வழியில் மணிக்கொடி போட்டியிட முடியவில்லை. போட்டியிட விரும்பவும் இல்லை. அதன் வலிமையும் அதுவே, வறுமைக்குக் காரணமும் அதுவே.

தொடங்கிய மூவரும் நெடுநாள் சேர்ந்திருக்கவில்லை. 1934ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், பாரதியார் நினைவு நாளன்று, ‘தினமணி’ நாளேடு தோன்றியது. சொக்கலிங்கம் அதன் ஆசிரியரானார். சீனிவாசன் பம்பாய்க்குச் சென்று ஆங்கில ஏட்டுப் பணியை ஏற்றார். வ. ரா. சிறிது காலம் இலங்கையில் ‘வீரகேசரி’யின் ஆசிரியராக இருந்தார். ஆகவே தோன்றிய இரண்டாம் ஆண்டிலேயே மணிக்கொடி ஒருமுறை இறக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

அப்போது அதனைத் தாங்கிப் பிடித்தவர் பி. எஸ். ராமையா. மதுரை மாவட்டத்து வத்தலக்குண்டில் 1905இல் பிறந்தவர். ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டியின் வாயிலாக எழுத்துலகுக்கு வந்தவர். 1935 மார்ச் முதல் மணிக்கொடி சிறுகதைக்கெனவே நடக்கும் இதழாக மாறியது. ராமையா அதன் ஆசிரியர். கி. ரா. எனப்பட்ட கி. ராமச்சந்திரன் அவருக்குத் துணை. இந்த இரண்டாம் பருவமே தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் நிலைபெற்ற பருவம்.

கூடியவர்கள்

மணிக்கொடியில் எழுதியவர்களை ஒரே கொள்கையுடைய கூட்டம் என்று நினைப்பது தவறு. புதுமைப்பித்தன் என்னும் சொ. விருத்தாசலம் நெல்லைத் தமிழில் கசப்பும் நகைப்பும் கலந்து எழுதியவர். கு. ப. ராஜகோபாலன் கும்பகோணத்தார், ஆண் பெண் உறவின் நுண்மையைக் குறைந்த சொற்களில் கூறியவர். ந. பிச்சமூர்த்தியும் கும்பகோணத்தார், வழக்கறிஞர், தத்துவ நோக்கும் உயிரிரக்கமும் கொண்டவர். யாப்பைக் கடந்த கவிதையை 1934இல் மணிக்கொடியில் எழுதிப் பார்த்தவர். மௌனியோ மன உலகின் இருளையும் ஒளியையும் மட்டுமே எழுதியவர். சிட்டி எனப்பட்ட பெ. கோ. சுந்தரராஜன், சி. சு. செல்லப்பா, க. நா. சுப்ரமண்யம், ஆர். சண்முகசுந்தரம் எனப் பலர் வந்தனர். பதினாறு வயதிலேயே எம். வி. வெங்கட்ராம் தம் முதற்கதையை அதில் வெளியிட்டார்.

இத்தனை வேறுபாடுடையோரை ஒன்றாக வைத்திருந்தது எது? ஊதியம் அன்று. புகழும் அன்று, விகடனில் எழுதினால் அது மிகுதியாகக் கிடைத்திருக்கும். ஒருவர் எழுதியதை மற்றவர் கூர்ந்து படிப்பார் என்ற உறுதியே அவர்களை ஒன்றாக வைத்திருந்தது. மௌனியின் கதை இதற்குத் தக்க சான்று. எஸ். மணி என்பது அவரது இயற்பெயர். அவரிடம் எழுத்தாற்றல் இருப்பதை உணர்ந்து எழுதத் தூண்டியவர் ராமையா. ‘மௌனி’ என்று பெயர் சூட்டியவரும் அவரே. 1936இல் மௌனியின் கதைகள் மணிக்கொடியில் வரத் தொடங்கின. நல்ல ஆசிரியர் ஒருவர் வகுப்பின் கடைசி வரிசையில் பேசாதிருக்கும் மாணவனைக் கண்டெடுப்பது போன்ற செயல் இது.

மற்றொரு சான்று, பாரதியார் பற்றிய வாதம். பாரதியார் உலகப் பெருங்கவிஞருள் ஒருவரா என்ற கேள்வி எழுந்தபோது, கல்கி ஒரு பக்கம் நின்றார். கு. ப. ரா.வும் சிட்டியும் மறுபக்கம் நின்று கட்டுரைகள் எழுதினர். அவை ‘கண்ணன் என் கவி’ என்னும் நூலாக 1937இல் வெளிவந்தன. பாரதியார் கவிதையை நிறுத்துப் பார்த்த தொடக்ககாலத் திறனாய்வு நூல்களுள் அஃது ஒன்று. இரு நண்பர்கள் ஒருவருக்கொருவர் துணையாகச் சிந்தித்ததன் விளைவு அந்நூல்.

கொடி இறங்கியது

இதழுக்குப் பண நெருக்கடி என்றுமே தீரவில்லை. விளம்பரம் தருவோர் பெருவிற்பனை ஏடுகளையே நாடினர். சிறுகதையைக் கலையாக மதித்துச் சந்தா கட்டும் வாசகர் தொகை சிறிது. நவயுகப் பிரசுராலயம் என்னும் நூல் வெளியீட்டு நிறுவனத்தோடு இதழை இணைத்து நடத்தினால் நிலைபெறலாம் என்ற எண்ணம் பிறந்தது. ஆனால் முதலீடு செய்வோர் நோக்கும், எழுதுவோர் நோக்கும் ஒத்துப்போகவில்லை. 1938இல் ராமையா இதழை விட்டு விலக நேர்ந்தது. அவர் விலகிய பின் சிறிது காலம் நடந்து, 1939இல் மணிக்கொடி நின்றது.

நின்றபோது பெரிய ஆரவாரம் ஏதும் எழவில்லை. அந்த ஆண்டிலேயே ஐரோப்பாவில் போர் மூண்டது. தாள் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு சிறு இலக்கிய இதழ் நின்றதற்காக வருந்த நாட்டுக்கு நேரம் இல்லை. வருந்தியவர்கள் அதில் எழுதியவர்கள் மட்டுமே. அவர்களுக்கும் வருந்திக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. அடுத்த வேளைச் சோறு எங்கே என்ற கேள்வி வாசலில் நின்றது.

ஆளுக்கொரு வழி

ஏடு நின்ற பின் அவர்கள் சென்ற வழிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, வேறு வேலையில் அமர்ந்து எழுத்தைக் காத்த வழி. பிச்சமூர்த்தி வழக்கறிஞர் தொழிலை விட்டு, இந்து அறநிலையத் துறையில் கோயில் நிர்வாக அதிகாரியாகச் சேர்ந்து 1950களின் நடுப்பகுதி வரை பணியாற்றினார். சிட்டி வானொலியில் சேர்ந்தார். வயிற்றுக்கு ஒரு தொழில், மனத்திற்கு எழுத்து என்று இவர்கள் பிரித்துக்கொண்டனர். எழுத்தின் அளவு குறைந்தது, தரம் குறையவில்லை.

இரண்டாவது, நாளேட்டுப் பணி. புதுமைப்பித்தன் சொக்கலிங்கத்தின் கீழ்த் தினமணியில் பணியாற்றினார். செய்திகளை மொழிபெயர்ப்பதும் நூல்களுக்கு மதிப்புரை எழுதுவதும் அவரது அன்றாட அலுவல். 1943இல் சொக்கலிங்கம் தினமணியை விட்டு விலகியபோது அவரும் உடன் விலகினார்; பின்னர் ‘தினசரி’யில் சிறிது காலம் இருந்தார். நாளேட்டுப் பணி எழுத்தாளனை விழுங்கிவிடும் என்று கூறுவோர் உண்டு. புதுமைப்பித்தனை அது விழுங்கவில்லை. ‘காஞ்சனை’, ‘செல்லம்மாள்’, ‘சாப விமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஆகிய கதைகள் அனைத்தும் 1943ஆம் ஆண்டில் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்தவை.

இச்செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. புதுமைப்பித்தனை மணிக்கொடி எழுத்தாளர் என்றே பாடநூல்கள் குறிக்கின்றன. ஆனால் அவருடைய தலைசிறந்த கதைகளுட் பல மணிக்கொடி நின்று நான்கு ஆண்டுகள் கழிந்த பின் தோன்றியவை. அவற்றை வெளியிட்ட இதழோ, உ. வே. சாமிநாதையரின் மாணவர் கி. வா. ஜகந்நாதனின் ஆசிரியப் பொறுப்பில், பழந்தமிழ்ப் பயிற்சியுடையோர் போற்றி வந்த இதழ். பழமை போற்றும் புலவர் அவையிலே, அகலிகை கதையைத் தலைகீழாக்கிய ஒரு கதை அரங்கேறியது! ஏடு மாறினால் எழுத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று புதுமைப்பித்தன் எண்ணவில்லை. கலைமகளும் அவ்வாறு வற்புறுத்தவில்லை. இரு தரப்புக்கும் பெருமை தரும் செய்தி இது.

மூன்றாவது, திரைப்படமும் நாடகமும். ராமையா திரைப்படத் துறைக்குச் சென்று கதையும் உரையாடலும் எழுதினார். பின்னர் எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழுவுக்கு நாடகங்கள் எழுதினார். கர்ணன் வரலாற்றைக் கூறும் ‘தேரோட்டி மகன்’ அவற்றுள் ஒன்று. ‘போலீஸ்காரன் மகள்’ 1962இல் திரைப்படமாகவும் வந்தது. இதழாசிரியர் நாற்காலியை இழந்தவர், மேடையைத் தம் இதழாக்கிக்கொண்டார் எனலாம். சிறுகதையையும் அவர் விடவில்லை.

நான்காவது, மீண்டும் ஓர் ஏடு தொடங்கிப் பார்ப்பது. மணிக்கொடி நின்ற 1939ஆம் ஆண்டிலேயே க. நா. சு. ‘சூறாவளி’யைத் தொடங்கினார், அது சில மாதங்களே நடந்தது. 1940களின் நடுப்பகுதியில் ‘சந்திரோதயம்’ நடத்தினார், அதுவும் நின்றது. திருச்சியிலிருந்து சாலிவாகனன் 1942இல் ‘கலாமோகினி’யைத் தொடங்கி 1946 வரை நடத்தினார். துறையூரிலிருந்து வந்த ‘கிராம ஊழியன்’, திருலோக சீதாராமின் முயற்சியால் 1943இல் இலக்கிய இதழாக மாறிற்று. பிச்சமூர்த்தி, கு. ப. ரா. ஆகியோரின் வசன கவிதைகளுக்கு இவ்விரு சிற்றூர், சிறுநகர் ஏடுகளே புகலிடம் தந்தன. சென்னையில் அணைந்த விளக்கைக் காவிரிக் கரையில் ஏற்றி வைத்தனர் என்று கூறினால் மிகையாகாது.

கொடுத்த விலை

இவ்வளவையும் படித்துவிட்டு, எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஏடு நின்றதற்கு எழுத்தாளர் கொடுத்த விலை பெரிது.

கு. ப. ரா. இளமையில் மேலூரில் வருவாய்த் துறை அலுவலராக இருந்தவர். கண்புரை நோயால் பார்வை குன்றவே, அவ்வேலையை விட நேர்ந்தது. அவர் சொல்லச் சொல்ல அவருடைய தங்கை சேது அம்மாள் எழுதினார். பின்னர் அவரும் எழுத்தாளரானார். எழுத்தையே நம்பி வாழ்வது என்று கு. ப. ரா. துணிந்தபோது நம்புவதற்கு ஏடுகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக நின்றன. சென்னையிலிருந்து கும்பகோணம் திரும்பினார். கிராம ஊழியனின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். நோய் காலைப் பற்றியது. 1944 ஏப்ரல் 27ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 42.

புதுமைப்பித்தன் நாளேட்டை விட்டபின் திரைப்படத்தை நாடினார். சொந்தமாகப் படம் எடுக்க முயன்று பொருள் இழந்தார். ‘ராஜமுக்தி’ படத்திற்கு எழுதப் புனே சென்றார். எலும்புருக்கி நோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவருக்கும் வயது 42.

நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே மிகுந்த காலத்தில் தமிழ்ச் சிறுகதையின் இரு தூண்கள், ஒரே வயதில் சாய்ந்தன. நோய் எவரையும் பற்றும். அதற்கு ஏட்டைக் குறை கூற முடியாது. ஆயினும், திங்கள்தோறும் உறுதியான வருவாய் தரும் ஓர் இலக்கிய ஏடு இருந்திருந்தால் இவர்கள் ஊர் ஊராக அலைய நேர்ந்திருக்குமா என்ற கேள்வி எழாமற் போகாது. புதுமைப்பித்தன் மறைந்தபோது அவர் குடும்பத்திற்கு நிதி திரட்ட முன்வந்தவர் கல்கி. எழுத்தில் எதிரணியில் நின்றவர். இறுதியில் தோள் கொடுத்தவர். எழுத்தாளர் சமூகம் ஓர் ஏட்டின் எல்லையோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மற்றொரு வகை இழப்பும் உண்டு. அது பேசாமை. மௌனி வாழ்நாள் முழுவதும் எழுதியவை ஏறத்தாழ 24 கதைகளே. அவற்றுட் பெரும்பகுதி மணிக்கொடிக் காலத்தவை. கேட்டு வாங்கிப் போடும் ராமையாவும் இதழும் இல்லாமற்போன பின், அவர் பேனா நெடுங்காலம் உறங்கிற்று. சிலர் தனிமையிலும் எழுதுவர். சிலர்க்குக் கேட்பார் வேண்டும். கேட்பார் இல்லாமையால் எழுதப்படாமற் போன கதைகளை எந்த நூலகத்திலும் தேடிக் காண முடியாது. ஓர் ஏடு நிற்கும்போது மொழிக்கு நேரும் உண்மையான இழப்பு அதுவே.

மீண்டும் படித்தவர்கள்

மணிக்கொடி நின்று இருபது ஆண்டுகள் சென்றன. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா சென்னையில் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கினார். இவரும் வத்தலக்குண்டைச் சேர்ந்தவர். இளம் வயதில் மணிக்கொடியில் கதை எழுதியவர். கையிற் பணமில்லை, பின்னே நிறுவனமும் இல்லை. ஆயினும் 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தன. அச்சிட்ட நூல்களை மூட்டையாகக் கட்டித் தாமே சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார் செல்லப்பா.

எழுத்து என்ன செய்தது? புதியவர்களுக்கு இடம் தந்தது என்று பொதுவாகக் கூறுவர். அதற்கு முன் அது செய்த வேலை ஒன்று உண்டு; பழைய நண்பர்களை மறுபடி படித்தது. பிச்சமூர்த்தி முன்பு எழுதிய ‘பெட்டிக்கடை நாரணன்’ என்னும் கவிதையை எழுத்து மறுபடி அச்சிட்டது. அதனைப் படித்த இளைஞர்கள் வியந்தனர். நெடுநாள் கவிதை எழுதாதிருந்த பிச்சமூர்த்தி, அறுபது வயதை நெருங்கும் பருவத்தில் மீண்டும் எழுதத் தொடங்கினார். 1962இல் அவருடைய ‘காட்டு வாத்து’ தொகுதியும், பலர் கவிதைகள் அடங்கிய ‘புதுக்குரல்கள்’ தொகுதியும் எழுத்துப் பிரசுரங்களாக வெளிவந்தன. சி. மணி, நகுலன், வைத்தீஸ்வரன், இலங்கைத் திருகோணமலையிலிருந்து எழுதிய பிரமிள் எனப் புதிய தலைமுறை ஒன்று எழுந்தது. 1934இல் விதைத்த விதை முளைக்க 25 ஆண்டுகள் ஆயின. இடையில் அவ்விதை அழியாமல் இருந்தது, அதைப் படித்து நினைவில் வைத்திருந்த ஒரு நண்பரால்.

அதே 1959இல் மௌனியின் கதைகள் ‘அழியாச்சுடர்’ என்னும் தொகுதியாக வந்தன. அதற்கு முன்னின்றவர் க. நா. சு. பழைய இதழ்களில் சிதறிக் கிடந்த கதைகள் அப்போதுதான் புதிய வாசகர் கைக்கு எட்டின. புதுமைப்பித்தனின் வரலாற்றை அவருடைய இளைய நண்பர் தொ. மு. சி. ரகுநாதன் 1951இலேயே எழுதி வைத்தார். ராமையாவின் கதைத்திறனை ஆராய்ந்து செல்லப்பா தனி நூல் எழுதினார். ராமையா தம் பங்குக்கு ‘மணிக்கொடிக் காலம்’ என்னும் வரலாற்றை, நா. பார்த்தசாரதியின் ‘தீபம்’ இதழில் தொடராக எழுதினார். அந்நூல் 1982ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. மறு ஆண்டு ராமையா மறைந்தார். சிட்டியும், இலங்கையைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரமும் இணைந்து தமிழ் நாவலின் வரலாற்றையும் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றையும் இரு பெருநூல்களாக எழுதினர்.

இவற்றை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மணிக்கொடி எழுத்தாளர் நிலைபெற்றது மணிக்கொடியால் மட்டும் அன்று. ஏடு நின்ற பின்னும் அவர்கள் ஒருவரை ஒருவர் படிப்பதை நிறுத்தவில்லை. ஒருவர் கதையை மற்றவர் தொகுத்தார். ஒருவர் கவிதையை மற்றவர் மறுபடி அச்சிட்டார். ஒருவர் வாழ்க்கையை மற்றவர் எழுதினார். அச்சு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. வாசிப்பும் நின்றிருக்குமானால், பழைய இதழ்க் கட்டுகள் கரையானுக்கு இரையாகியிருக்கும். அப்பெயர்களும் இன்று எவர்க்கும் தெரிந்திரா.

இங்கு ஒரு எச்சரிக்கையும் தேவை. மணிக்கொடியின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அதில் பங்கு கொண்டவர்களே. தம் இளமையைப் பற்றி எழுதும்போது எவர்க்கும் சற்றே ஒளி கூடித் தெரிவது இயல்பு. அக்காலத்தில் நல்ல எழுத்து அந்த ஓர் ஏட்டில் மட்டுமே இருந்தது என்பதும் சரியன்று; கலைமகளின் பணியை மேலே கண்டோம். ஆகவே அவர்களைத் தெய்வமாக்க வேண்டுவதில்லை. அவர்கள் செய்த வேலையைத் தெரிந்துகொண்டால் போதும்.

கடல் கடந்த கிளை

இவ்வழியின் ஒரு கிளை மலாயாவுக்கும் வந்தது. புதுமைப்பித்தன் வரலாறு எழுதிய ரகுநாதனின் நெருங்கிய நண்பர் கு. அழகிரிசாமி. கோவிற்பட்டியை அடுத்த இடைசெவல் அவர் ஊர். இருவரும் ‘சக்தி’ இதழில் சேர்ந்து பணியாற்றியவர்கள். 1952இல் அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து ‘தமிழ் நேசன்’ ஏட்டின் ஆசிரியப் பணியை ஏற்றார். 1957 வரை இங்கிருந்தார். இலக்கிய ஆர்வலர்களைக் கூட்டி வைத்துக் கதை பற்றிப் பேசினார். அனுப்பிய கதைகளைத் திருத்தம் கூறிப் பதிப்பித்தார். தோட்டப் பள்ளி ஆசிரியர்களும் தோட்டத்து இளைஞர்களும் அக்காலத்தில் தத்தம் முதற்கதையை அனுப்பியது ஞாயிறு ஏடுகளுக்கே. மலேசியத் தமிழ் எழுத்தின் வேர் அப்பக்கங்களில் இருக்கிறது.

1924இல் தோன்றிய தமிழ் நேசன், 95 ஆண்டை எட்டும் தறுவாயில், 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றது. அதில் தம் பெயரை முதன்முதலாக அச்சிற் கண்ட எழுத்தாளர் பலர் இன்றும் உள்ளனர். ஏடு நின்ற செய்தி கேட்டு அவர்கள் வருந்தியது இயற்கை. ஆனால் வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டால், மௌனிக்கு நேர்ந்த பேசாமையே பலர்க்கு நேரும்.

தமிழாசிரியர்களுக்கு இங்கே ஒரு கடமை உண்டு. புதிய ஏடு தொடங்குவது எல்லார்க்கும் இயலாது. படிப்பது இயலும். பக்கத்துத் தோட்டத்தில் வாழும் முதிய எழுத்தாளர் ஒருவரின் பழைய கதையைத் தேடி எடுத்து ஆறாம் வகுப்பு மாணவர் முன் படித்துக் காட்டலாம். கத்தரித்து ஒட்டி வைத்த ஞாயிறு மலர்ப் பக்கங்களைப் பழைய தாள்காரனிடம் போடாமல் பள்ளி நூலகத்தில் சேர்த்து வைக்கலாம். சக ஆசிரியர் எழுதிய கட்டுரையைப் படித்து, நன்று என்றோ, இன்ன இடத்தில் குறை என்றோ நான்கு வரி எழுதி அனுப்பலாம். செல்லப்பாவும் க. நா. சு.வும் செய்தது இதனினும் பெரிய அளவில் இருக்கலாம், செயல் ஒன்றே.

பாரியை இழந்த கபிலர், பாரியின் பெயரை மறக்கவிடவில்லை. அவர் பாடியதாலேயே பறம்பு இன்றும் பள்ளிப் பாடமாக இருக்கிறது.